கடைசிப் படத்தில் குட்டி எங்கே?

அன்பு மகனே என்று ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். வீட்டில் உன்னை என்றைக்கும் தம்பி என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அதனால் தம்பி, இதைக் கொஞ்சம் உட்கார்ந்து படி. வாட்ஸ்அப்பில் நாலு வரிக்கு மேல் எழுதினால் நீ படிப்பதில்லை. கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு மிருகங்களைப் படம் எடுக்கக் காட்டுக்குள் போய்விடுவாய், அங்கே லைன் இருக்காது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைப் பேப்பருக்கு எழுதுகிறேன். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். பேர் இல்லாவிட்டாலும் உன் சித்தி கண்டுபிடித்துவிடுவாள், அதைப் படம் பிடித்துக் குடும்ப குரூப்பில் போடுவாள். உங்கம்மா உன்னைப் பற்றி எழுதியிருக்கிறாளாமே என்று நாலு பேர் கேட்ட பிறகாவது நீ படித்துத்தானே ஆக வேண்டும்.

போன ஞாயிறு நீ கிள்ளான் வீட்டுக்கு வந்தாய். இளநீர் வாங்கி வந்திருந்தாய், அதற்கு நன்றி. ஆனால் அறைக்குள் வரவில்லை. கதவருகிலேயே நின்றாய். முதலில் ஜன்னலைப் பார்த்தாய், பிறகு சுவரைப் பார்த்தாய், அதற்குப் பிறகுதான் கட்டிலில் கிடந்த என்னைப் பார்த்தாய். “லைட் நல்லா இருக்கு மா” என்றாய். “எந்த லைட்டுடா, சுவிட்சே போடலையே” என்று கேட்டேன். ஜன்னல் வெளிச்சத்தைச் சொல்கிறாய் என்று அப்புறம்தான் புரிந்தது. பக்கத்து வீட்டு லெட்சுமியக்கா எனக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளையும் வைத்துக்கொண்டுதான் கேட்டாய்.

“மா, புக்கு முடிஞ்சிருச்சு. கடைசிப் பக்கத்துக்கு உங்கள ஒரு படம் எடுக்கணும். இப்படியே, படுத்திருக்கிற மாதிரியே போதும். புக்கு ஃபுல்லா அம்மாங்கதானே, எங்கம்மா இல்லாம எப்படி முடிக்கிறது?”

லெட்சுமியக்கா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு எதற்கும் கண்ணீர் வரும், அதைக் கணக்கில் எடுக்காதே. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நீ உள்ளங்கையை நீட்டி அதில் விழுந்த வெளிச்சத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று அம்பாங்கில் உன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாய். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில்.

உடம்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், நீயாகக் கேட்க மாட்டாய். வயிற்றில் ஆரம்பித்தது இப்போது ஈரலுக்கும் போய்விட்டது. டாக்டர் நல்ல பிள்ளை. “வீட்டுல வச்சு நல்லா பாத்துக்குங்க” என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தெரியாத ஆள் நம் சனங்களில் யாரும் இல்லை. எனக்குக் குணமானால் பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பதாக லெட்சுமியக்கா வேண்டிக்கொண்டிருக்கிறாள். உனக்கே முட்டி வலி, நீ ஏன் முருகனுக்கு வேலை வைக்கிறாய் என்று அவளைத் திட்டினேன். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் நம்பிக்கையோடு இருங்கள் என்கிறார்கள். அதை வைத்துக்கொள்ள இடம் இல்லை தம்பி. தலைமாட்டில் மருந்தும் வாந்தி எடுக்க ஒரு வாளியும் இருக்கின்றன, அதற்கே இடம் சரியாகப் போய்விட்டது. பயமாக இருக்கிறதா என்றால், இருக்கிறது. விடியற்காலையில் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது.

இப்போது படத்துக்கு வருகிறேன். நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் போட்டோக் கடையில் வேலை பார்த்தவள் என்பது உனக்குத் தெரியும். கவுண்டரில் உட்கார்ந்து பில் போட்டேன் என்றுதான் நீ நினைத்திருப்பாய். பாதி நாள் அந்த வேலைதான். மீதி நாள் பின்னறையில் செத்தவர்களின் படங்களைச் சரி செய்தேன். சாவு விழுந்த வீட்டிலிருந்து யாராவது வருவார்கள். கருமக்கிரியைக்குள் பெரிய படம் வேண்டும், மாலை போட வேண்டும் என்பார்கள். செத்தது ஆம்பளை என்றால் கவலை இல்லை. லைசென்ஸ் படம், சங்கத்தில் கோட்டுப் போட்டு எடுத்த படம் என்று ஏதாவது தனியாக இருக்கும். பொம்பளை என்றால் அப்படி இருக்காது. அவள் தனியாக நின்ற படமே எந்த வீட்டிலும் கிடைக்காது. எல்லாப் படத்திலும் மடியில் ஒன்று இருக்கும், இடுப்பில் ஒன்று இருக்கும், முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒன்று நிற்கும்.

பிள்ளையை எடுத்துவிட வேண்டும். அதுதான் நம் வழக்கம். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு மாலை விழக்கூடாது, ஆகாது. அதனால் நாங்கள் தாயிடமிருந்து பிள்ளையை வெட்டி எடுப்போம். வெட்டிய இடத்தில் வேறு புடவைத் துண்டை ஒட்டி, மறுபடி படம் பிடித்து, மெல்லிய பிரஷ்ஷால் மை தொட்டு ஓரங்களை மறைப்போம். இப்போது கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். அப்போது ஒரு முகத்துக்கு ஒரு நாள் போகும். பெரிய படம் எல்லாம் கறுப்பு வெள்ளையில்தான் போடுவோம். முதலாளி அதைத்தான் விரும்புவார், ஒட்டு வேலை வெளியே தெரியாது என்பார்.

ஒரு தடவை அம்பாங்கிலிருந்து ஒருவர் வந்தார். பிரசவத்தில் மனைவி போய்விட்டாள். கொண்டு வந்த படத்தில் அவளுடைய மூத்த பெண் பிள்ளை அவள் இடுப்பில் உட்கார்ந்து கழுத்தைச் சுற்றிக் கை போட்டிருந்தது. பிள்ளையை வெட்டி எடுத்துவிட்டேன். ஆனால் அந்தப் பக்கத்துத் தோளில் நாலு விரல் மட்டும் நின்றது, சின்னச் சின்னதாக, புடவையைக் கெட்டியாகப் பிடித்தபடி. ஒவ்வொரு விரலாக மை வைத்து அழித்தேன். அந்த மனுஷர் படத்தை வாங்கிப் பார்த்து, “நல்லா வந்திருக்குங்க, தனியாவே நின்ன மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு அழுதார். நான் ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். நல்ல வேலை செய்தோம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன், அப்படித்தான் வீட்டுக்கும் வந்தேன்.

உனக்குக் கேமரா அந்தக் கடையிலிருந்துதான் வந்தது. யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வராததை முதலாளி உனக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து நீ வீட்டில் ஒரு விசேஷத்திலும் எங்கள் நடுவில் நின்றதில்லை. பொங்கலென்றாலும் தீபாவளியென்றாலும் எதிரே நின்று ஒரு கண்ணை மூடிக்கொள்வாய். உன் அப்பா செத்த அன்று நீ ஒரு மூலையில் உதடு துடிக்க நின்றதைப் பார்த்தேன். கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளை இடிந்து போய்விடக் கூடாதே என்று, “பினாங்கு அத்தையால வர முடியல, அவங்களுக்காகப் படம் எடுடா” என்று கேமராவை உன் கையில் கொடுத்தவள் நான்தான். நீ அன்று அழவில்லை. அதற்குப் பிறகும் நீ அழுது நான் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்றால் வலிக்காது என்று உனக்குக் காட்டிக் கொடுத்தது இந்தக் கைதான். அதனால் உன்னை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

நீ எடுக்கும் படங்களை எனக்குப் பிடிக்காது என்று நினைக்காதே. கோல சிலாங்கூர் மலைக்கு என்னை அழைத்துப் போனாயே, நினைவிருக்கிறதா? லோத்தோங் குரங்குகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருக்க, நடுவில் ஒரு தாய் பளீரென்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டியை வைத்திருந்தது. கோயில் சாமந்தி மாதிரி நிறம். மற்றப் பெண் குரங்குகள் ஒவ்வொன்றாக வந்து அதை வாங்கி வாங்கி மடியில் வைத்துக்கொண்டன. ஏண்டா அந்தக் குட்டி மட்டும் இப்படி இருக்கிறது என்று கேட்டேன். பிறந்து கொஞ்ச மாதம் அந்த நிறம் இருக்கும், கூட்டத்தில் எல்லாரும் பார்த்துப் பார்த்துத் தூக்குவதற்காக இருக்கலாம், அப்புறம் அதுவும் சாம்பலாகிவிடும் என்று சொன்னாய். எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. வீட்டுக்கு வந்து நீ படத்தைக் காட்டினாய். குட்டியும் சாம்பலாகத்தான் இருந்தது. “கறுப்பு வெள்ளைதானே மா, ஆரஞ்சு தெரியாது. கலர் இருந்தா கண்ணு கலருக்கே போயிரும். இதுல பாசம் மட்டும் தெரியும்” என்றாய். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். என்னைத் தூக்கு, என்னைத் தூக்கு என்று அந்தக் குட்டி நிறத்தால் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கூப்பாட்டைத்தான் நீ எடுத்துவிட்டாய் என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு நாள் செலாயாங் தாண்டி ரவாங் போகும் ரோட்டில் போனோம். ரோட்டோரம் ஒரு குரங்கு அடிபட்டுக் கிடந்தது. எந்த லோரியோ, எந்தக் காரோ தெரியாது. குட்டி அதன்மேல் ஏறிப் பால் குடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நீ காரை ஓரம் கட்டி, சத்தம் வராமல் கதவைத் திறந்து, தரையில் படுத்துவிட்டாய். நான் துண்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன், குட்டியை வாரி எடுத்துக்கொள்ளலாம் என்று.

“தொடாதீங்க மா. மனுஷ வாடை பட்டா கூட்டம் சேத்துக்காது. நாம பாக்கத்தான் வந்திருக்கோம், உள்ள போகக் கூடாது.”

“கூட்டம் எங்கடா இருக்கு? ஒண்ணுகூடக் காணோமே.”

“வரும் மா. நீங்க கார்ல உக்காருங்க.”

உட்கார்ந்தேன். உன் தொழில், உனக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன். வெயில் ஏறும்வரை நீ எடுத்தாய். கூட்டம் வரவில்லை. உனக்கும் முகம் வாடிப் போனதைப் பார்த்தேன், இல்லையென்று சொல்லவில்லை. வனவிலங்குக்காரர்களுக்குப் போன் போட்டாய், ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். எனக்கு மயக்கமாக வந்ததால் டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் தாய் கிடந்தது, குட்டியைக் காணவில்லை. “வேற குரங்கு வந்து எடுத்துட்டுப் போயிருக்கும் மா” என்றாய். ஆமாம் என்றேன். நாய்களும் இருக்கிற ரோடு அது என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

அந்தப் படத்தை நீ கோலாலம்பூரில் வைத்த கண்காட்சியில் சுவர் அளவுக்குப் பெரிதாகத் தொங்கவிட்டிருந்தாய். நானும் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தேன். எல்லாரும் அந்தப் படத்துக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஓர் அம்மாள் மூக்கைச் சிந்தினாள். உன்னைக் கட்டிப்பிடித்துப் பாராட்டினார்கள், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு கிட்டப் போய்ப் பார்த்தேன். கடைப் பழக்கம், எந்தப் படத்தையும் ஓரத்திலிருந்துதான் பார்ப்பேன். தாயின் தோளுக்குமேல் குட்டியின் விரல்கள் தெரிந்தன. முடியைக் கெட்டியாகப் பிடித்திருந்தன. அம்பாங் மனுஷர் கொண்டு வந்த படத்தில் நான் மை வைத்து அழித்த அதே விரல்கள். உட்கார நாற்காலி கேட்டேன். சர்க்கரை குறைந்துவிட்டது என்று நினைத்து நீ மைலோ வாங்கிக் கொடுத்தாய்.

இப்போது நீயே யோசித்துப் பார். உன் புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு படத்திலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். நீர்நாயும் குட்டியும், யானையும் கன்றும், செத்த குரங்கும் அதன் பிள்ளையும். கடைசிப் பக்கத்தில் நீ கேட்கிற படத்தில் நான் மட்டும் இருப்பேன். குட்டி எங்கே? குட்டி எதிரே நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சம் பார்த்துக்கொண்டிருக்கும். பார்க்கிறவர்கள் ஐயோ பாவம், இந்த அம்மாவுக்கு யாரும் இல்லை போலிருக்கிறது என்பார்கள். எட்ட நின்று பார்ப்பதும் பாசம்தான் என்று நீ சொல்வாய். இருக்கலாம். கட்டிலில் கிடக்கிறவளுக்கு அது தெரிவதில்லை தம்பி. அவளுக்குத் தெரிவதெல்லாம் லென்ஸ்தான்.

அதனால் என் பதில் இதுதான். எடுக்கலாம், ஆனால் நீ எடுக்கக் கூடாது. நீ இந்தக் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார வேண்டும். லெட்சுமியக்கா அவளுடைய போனில் எடுப்பாள். கோணலாகத்தான் வரும், அவள் விரலும் குறுக்கே விழும். பரவாயில்லை, அதைப் புத்தகத்தில் போடு. டைமர் வைக்கிறேன் என்று சொல்லாதே. டைமர் வைத்தவன் ஓடி வருவான், சிரிப்பான், வந்த வேகத்தில் திரும்பி ஓடிப் போய்ப் படம் சரியாக விழுந்ததா என்று பார்ப்பான். எனக்கு வேண்டியது படம் இல்லை. என் வாந்தி நாற்றம் உன் சட்டையில் ஒட்டுகிற அளவுக்கு நீ கிட்ட வர வேண்டும், அவ்வளவுதான். இவ்வளவு வெளிப்படையாக நான் உன்னிடம் எதையும் கேட்டதில்லை. புத்தி சொல்ல வேண்டும் என்றால் இதையேதான் சொல்வேன். நாளைக்கு யாராவது உன் முன்னால் அழுதால், முதலில் கிட்டப் போ.

நீ செய்ய மாட்டாய் என்று எனக்குத் தெரியும். உன்னை வயிற்றில் சுமந்தவள், இது கூடவா தெரியாது? ஞாயிறு வருவாய், இளநீர் வாங்கி வருவாய், கதவருகில் நிற்பாய். “அடுத்த வாரம் பாத்துக்கலாம் மா” என்பாய். என்னிடம் நிறைய வாரம் இல்லை என்பது உனக்கும் தெரியும், ஆனாலும் சொல்வாய். நான் இதைக் கோபத்தில் எழுதவில்லை. மழை பெய்யும் என்று சொல்வது போலத்தான் சொல்கிறேன்.

அதனால் மாலைப் படத்தை நானே ஏற்பாடு செய்துவிட்டேன். தொழில் தெரிந்தவள், உனக்கு அந்த அலைச்சல் வேண்டாம். எனக்கும் தனிப் படம் இல்லை, எல்லாப் பொம்பளையையும் போலத்தான். உனக்கு முதல் மொட்டை போட்ட அன்று பத்துமலையில் உன் அப்பா எடுத்த படம் ஒன்று இருந்தது. அர்ச்சனைத் தட்டிலிருந்து ஒரு குரங்கு வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட, நீ பயந்து என் கழுத்தைச் சுற்றிக்கொண்டாய். தலையெல்லாம் சந்தனம், கண்ணை இறுக்கி மூடியிருப்பாய். ஆமாம், குரங்குக்குப் பயந்த பிள்ளைதான் நீ. லெட்சுமியக்காவிடம் அதைக் கொடுத்து லிட்டில் இந்தியாவில் ஒரு போட்டோக் கடைக்கு அனுப்பினேன். கடையில் இருக்கும் பெண் எனக்குப் போன் செய்தாள்.

“ஆன்டி, அந்தப் பையன எடுத்துரணுமா?”

“எடுத்துரு மா. உசுரோட இருக்கிற பிள்ள.”

ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் பார்த்த சகுனத்தை என் பிள்ளைக்குப் பார்க்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. உன்னைப் படத்திலிருந்து தூக்கச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. கறுப்பு வெள்ளையில் நான் மட்டும் இருந்தேன். தோள் துடைத்துவிட்டதைப் போல இருந்தது. நானே செய்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. நான் அவளுக்குப் போன் போட்டேன்.

“தோள்ல விரல் இருந்துச்சே மா?”

“அதையும் கிளீன் பண்ணிட்டேன் ஆன்டி.”

“திரும்பப் போடு. விரல் மட்டும் இருக்கட்டும்.”

“நல்லா இருக்காது லா ஆன்டி. யாரோ பின்னால நிக்கிற மாதிரி இருக்கும்.”

“இருக்கட்டும். நீ போடு.”

சட்டம் போட்டுப் படம் வந்துவிட்டது. அலமாரிக்குப் பின்னால் பழைய பெட்ஷீட்டில் சுற்றி வைத்திருக்கிறேன், வேண்டும்போது லெட்சுமியக்கா எடுத்துத் தருவாள். அன்றைக்கும் நீ கூடத்து மூலையில் நின்று எல்லாரையும் படம் எடுத்துக்கொண்டிருப்பாய். துக்கத்துக்கு வந்தவர்களில் யாராவது மாலையை விலக்கிப் பார்த்துவிட்டு, தோள்மேல என்ன அது, யாரோட விரல் என்று கட்டாயம் கேட்பார்கள். அப்போது கேமராவைக் கீழே வைத்துவிட்டு, என் விரல் என்று சொல்.